விடுப்பில் இருக்கும் சிஸ்டம் சார்

இயக்குநர் அறைக்கு வெளியே, பார்க்க வருகிறவர்கள் காத்திருக்கும் நாற்காலிகளுக்கு எதிரே, மூன்று பூட்டுப் போட்ட இரும்பு பீரோ ஒன்று நின்றது. அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய கணினி டிஸ்க். வேறொன்றும் இல்லை. நகரம் முழுக்கத் தண்ணீர் விடும் வாரியம் அது. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திறப்பது என்பதிலிருந்து யாருக்கு எத்தனை நாள் விடுப்பு என்பது வரை எல்லாம் மூன்று கணினிகளைச் சேர்த்துக் கட்டிய கூட்டத்தில் ஓடின. கிளஸ்டர் என்பார்கள். ஒன்று படுத்தால் மற்ற இரண்டும் தாங்கும். மூன்றும் சேர்ந்து படுத்தால் இந்தப் பழைய டிஸ்க் வந்து எழுப்பிவிடும் என்று ஏற்பாடு.

லேசுப்பட்ட ஏற்பாடா அது? வெள்ளிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு டிஸ்க் பாதுகாப்புக் குழுவிலிருந்து, ஆளுக்கொரு சாவிக்குப் பொறுப்பான மூன்று அதிகாரிகள் வருவார்கள். பீரோவுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். மூவரும் டிஸ்க்கைப் பார்ப்பார்கள். 'பார்த்தோம். நலமாக உள்ளது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பீரோவுக்குள் போன பிறகு யாரும் அதைக் கையில் எடுத்ததில்லை, கணினியில் செருகிப் பார்த்ததும் இல்லை. ஏனென்றால் அதன் மேல் சிவப்பு மையில் 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தது. அது ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கூட்டிப் பெருக்க வருகிறவர்கள் இழுத்துவிடக் கூடாதே என்று கணினிகளைக் கவனித்துக்கொண்ட சிஸ்டம் சார் எழுதி ஒட்டியது. பிறகு சிஸ்டம் சார் செத்துப்போனார், அன்று ராத்திரியே டிஸ்க் ஒட்டிய தாளோடு பீரோவுக்குள் போனது. உத்தரவு போட்டவரே இல்லாதபோது அதை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கும் கிடையாது என்று குழு தீர்மானம் எழுதி வைத்துவிட்டது.

டிஸ்க்குக்குக் காற்று வேண்டும் என்று யாரோ சொல்ல, தபால் பிரிவின் மின்விசிறியைக் கழற்றி பீரோவுக்கு மேலே மாட்டியிருந்தார்கள்.

அந்தத் தபால் பிரிவில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தவள்தான் தபாலக்கா. சிஸ்டம் சாரின் மனைவி. கணவன் போன பிறகு, இறந்தவர் குடும்பத்துக்குத் தருகிற வேலை என்று இந்த நாற்காலியைக் கொடுத்திருந்தார்கள். வருகிற கடிதத்துக்கு ஒரு எண், போகிற கடிதத்துக்கு ஒரு எண். மூன்று வருஷமாக எண் போட்டுக்கொண்டிருந்தாள். மனசு மட்டும் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். அவர் இறந்த வாரம் வியாழக்கிழமை காலை, "மூணு மெஷினும் மக்கர் பண்ணுது, ரெண்டு நாள் வர மாட்டேன், சாப்பாடெல்லாம் அங்கயே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் ஆபீஸ் போனார். சனிக்கிழமை சாயங்காலம் மெஷின் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆபீஸில் என்ன சொன்னார்கள் தெரியுமா? வியாழன் முதல் திங்கள் வரை அவர் விடுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் சும்மா எட்டிப் பார்க்க வந்தார், வந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டது. ஆகவே இது பணியில் நேர்ந்த மரணம் அல்ல. விசாரணையும் தேவையில்லை.

காரியம் முடிந்த கையோடு தையல் கடை வைத்திருக்கும் நாத்தனார் கேட்டாள். "உங்கிட்ட ஆபீஸ்னு சொல்லியிருக்கான். ஆபீஸ்ல லீவுன்னு சொல்லியிருக்கான். நடுவுல ரெண்டு ராத்திரி அண்ணன் எங்க போனான் அண்ணி?"

தபாலக்கா சாப்பிட்ட இலைகளை எடுக்க எழுந்துபோனாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்றுதான் பதினாறு வருஷம் நினைத்திருந்தாள். செத்தவரோடு சண்டை போடவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. நாத்தனார் அதற்கப்புறம் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் இன்னும் குடைந்தது.

அப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று கணினிகளும் ஒரேயடியாகப் படுத்துவிட்டன.

கணினி கம்பெனியிலிருந்து தலை நரைத்த மெக்கானிக் ஒருவர் வந்தார். "தினமும் நகல் எடுத்து வைப்பீங்கல்ல, அது எங்க?" என்றார்.

"அதெல்லாம் பத்திரமா இருக்கு" என்றார் நிர்வாகக் கண்காணிப்பாளர். விரலால் செத்துக்கிடந்த கணினிகளையே காட்டினார். "அதுக்குள்ளதான்."

மெக்கானிக் கைப்பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு பழைய டிஸ்க் ஏதாவது உண்டா என்று கேட்டார். பீரோ திறப்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று. சாவிக்காரர்களில் ஒருவர் ஓய்வு பெற்றபோது சாவியையும் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். அப்படியானால் இத்தனை வெள்ளிக்கிழமையும் எப்படித் திறந்து பார்த்தார்கள் என்று மெக்கானிக் கேட்டுத் தொலைத்தார். கதவில் ஒரு கண்ணாடிச் சன்னல் வைத்திருக்கிறோம், பார்ப்பதுதானே விதி, திறப்பது விதியில்லையே என்றார்கள்.

பூட்டை அறுத்து டிஸ்க்கைச் செருகினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அது ஓடியது. சிஸ்டம் சார் செய்து வைத்தது என்றால் சும்மாவா. வாரியம் தனி டிஸ்க் வாங்கித் தராததால் ஊழியர் பட்டியல், விடுப்பு, தண்ணீர் நேரம் எல்லாவற்றையும் அதிலேயே போட்டு வைத்திருந்தார். மெக்கானிக் அதை மற்ற இரண்டு கணினிகளுக்கும் அப்படியே நகல் எடுத்தார். மூன்றும் எழுந்து நின்றன. மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு சனிக்கிழமையில்.

அன்று மாலை ஐந்து மணிக்குத் தபாலக்காவின் போனில் ஒரு செய்தி வந்தது.

'மூணும் நல்லா இருக்கு. கவலைப்படாதே.'

அவள் அதை இரண்டாம் தரம் படித்தாள். அது சிஸ்டம் சார் எழுதி வைத்த செய்தி. தினமும் ஐந்து மணிக்குக் கணினி தானாக அனுப்பும். தான் வண்டி ஓட்டும்போதோ குளிக்கும்போதோ அவள் படித்துச் சொல்லட்டும் என்று அவள் நம்பருக்கே போட்டிருந்தார், வீட்டில் பேசுகிற பேச்சில். அந்த வியாழனும் வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்கு வந்தது. மெஷின் சரியாகிவிட்டது, இனி வந்துவிடுவார் என்று அவள் அரிசி களைந்து வைத்தாள். ஆறு மணிக்கு மேல் வேறு செய்தி வந்தது.

இப்போது மறுபடி தினமும் வந்தது. மெஷின் அறையில் காலை ஒன்பதுக்கு விளக்கு தானாக எரிந்தது, அவர் வைத்த நேரம். திங்கட்கிழமை பிரின்டர் தன் பாட்டுக்கு நாலு பக்கம் துப்பியது, 'தயாரித்தவர்: சிஸ்டம் அலுவலர்' என்று. அந்த வழியாகப் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவரைப் பற்றிப் பேசும்போது 'இருந்தார்' போய் 'இருக்கார்' வந்துவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வாய் அப்படிப் பழகிவிட்டது.

புதுச் சாலை போட இடித்த ஒரு தெரு பழைய பட்டியலில் இருந்ததால், காலை ஆறு மணிக்கு நடுச்சாலையில் தண்ணீர் கொப்பளித்தது. புகார் கொடுத்தவர்களுக்கு வாரியம் பதில் எழுதியது: 'சிஸ்டம் அலுவலர் விடுப்பில் உள்ளார். திரும்பியதும் ஆவன செய்யப்படும்.' அந்தக் கடிதத்துக்கும் தபாலக்காதான் எண் போட்டாள்.

பிறகுதான் கிணறு வெட்டக் கிளம்பிய பூதம் அவள் பக்கம் திரும்பியது. கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க இறந்தவர் குடும்பம்ங்கற பேர்ல வேலைக்கு வந்தவங்க. ஆனா சார் உயிரோட இருக்காரே."

"சார், நீங்கதானே மாலை வாங்கிட்டு வந்தீங்க."

"வந்தேன். அது என் சொந்த விஷயம். ஆபீஸ் விஷயம் வேற." கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "பாருங்க, மூணு மெஷின். ஒரு தகவல் சரியா தப்பான்னு மூணும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு பண்ணும். மூணுக்கு மூணு ஓட்டு விழுந்திருக்கு. சார் ஏகமனதா விடுப்புல இருக்கார்."

"ஒரே டிஸ்க்கை மூணுலயும் நகல் எடுத்தா மூணும் ஒண்ணாத்தானே சார் சொல்லும்?"

"அதத்தான்மா ஒற்றுமைன்னு சொல்றோம்."

அவள் மரணச் சான்றிதழை நீட்டினாள். அவர் அதைத் தொடவே இல்லை. "இது பேப்பர். நாம பேப்பரை விட்டு ரெண்டு வருஷமாச்சு. உள்ள ஏத்தினாத்தான் செல்லும். ஏத்தறதுக்கு சிஸ்டம் அலுவலர் ஒப்புதல் வேணும். அவர் லீவுல இருக்கார். அந்த இடத்துக்கு வேற ஆளும் போட முடியாது, இடம் காலி இல்லையே."

முப்பது நாளைக்குள், கணவர் இறந்ததற்கு அவருடைய ஒப்புதலைப் பெற்றுத் தராவிட்டால் வேலை ரத்து என்று அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. விடுப்பு முடிந்தும் மூன்று வருஷமாகப் பணிக்குத் திரும்பாதது ஏன் என்று சிஸ்டம் சாருக்கு ஒன்று. இரண்டுக்கும் அவளே எண் போட்டு அனுப்பினாள். இரண்டையும் மறுநாள் வீட்டில் அவளே கையெழுத்துப் போட்டு வாங்கினாள். தபால்காரர், "சார் ஊர்ல இருக்காரா?" என்று கேட்டார். "லீவுல இருக்காரு" என்று அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

சத்தியமாகச் சொன்னால், வேலை போய்விடுமே என்ற பயத்தைவிட அவளுக்கு இன்னொரு பயம் பெரிதாக இருந்தது. தினமும் நாலரை மணியிலிருந்தே அவள் போனைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். அவர் விடுப்பில் இருக்கிறார் என்று ஊரே சொல்லும்போது, நாமும் அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டாள்.

இருபத்தாறாவது நாள் இயக்குநரே கூப்பிட்டார். அவருக்கு ஒரு சங்கடம் வந்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவர் துணை இயக்குநர். பழைய டிஸ்க் ஏறியதும் அவர் போடும் உத்தரவெல்லாம் 'துணை இயக்குநர்' என்றே அச்சாகி வெளியே போனது. மற்றவர்கள் பிரச்சினை என்றால் காத்திருக்கலாம். இதற்கு எப்படிக் காத்திருப்பது?

"உக்காருங்கம்மா. கம்பெனிக்காரர் ஒரு வழி சொல்றார். சிஸ்டம் சார் பேர்ல உள்ள போகணும்னா ஒரு ஓடிபி வரும். அது உங்க போனுக்குத்தான் வருதாம். அதனால நீங்களே அவரா உள்ள போயிடுங்க. இருநூத்திப் பதினாலு திருத்தம் அவர் ஒப்புதலுக்கு நிக்குது. முதல்ல என்னோடது. அப்புறம் மத்தவங்களோடது. கடைசியா அவர் மரணத்தை ஏத்திட்டு வெளிய வந்துடுங்க."

"அவரே அவர் செத்தார்னு சொல்ற மாதிரி ஆகுமே சார்."

"அதைவிட நம்பகமான சாட்சி உண்டா?" இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பக்கத்தில் நின்ற டிஸ்க் குழுவின் மூன்று பேரும் குறிப்பெடுக்கத் தயாரானார்கள். "நான் எப்பவும் சொல்றதுதான். சாவுங்கறது ஒரு தகவல். ஏத்தற வரைக்கும் அது நடந்ததா அர்த்தமில்ல. இந்த வாரியத்துல உழைச்சவங்களை நாங்க லேசுல சாக விட மாட்டோம். மூணு வருஷமா அந்த டிஸ்க்கை எங்க கண்ணு மாதிரி பாத்துக்கிட்டோம். அதுல இருக்கற ஒரு எழுத்துகூடக் கலையல. அதுல இருக்கறது அத்தனையும் சத்தியம், வாரியமே அதுக்கு ஜவாப்தாரி. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள்.

மெஷின் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. மூன்று பெட்டிகளும் ஒரே சுருதியில் இரைந்தன. சிஸ்டம் சாரின் நாற்காலி இன்னும் அதே இடத்தில் இருந்தது. இடது கைப்பிடியில் பஞ்சு பிதுங்கியிருந்தது, அவர் யோசிக்கும்போது பிய்த்துக்கொண்டே இருப்பார். வீட்டு சோபாவிலும் அப்படித்தான். தபாலக்கா அதில் உட்கார்ந்தாள். மெக்கானிக் பக்கத்தில் நின்று எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். போனுக்கு வந்த ஆறு எண்களை அடித்தாள். 'வாங்க' என்றது திரை. அதையும் அவர் வீட்டுப் பேச்சிலேயே எழுதி வைத்திருந்தார்.

இயக்குநருடையது முதலில். பிறகு ஒவ்வொன்றாக. ஓய்வு பெற்றவர்கள் ஓய்வு பெற்றார்கள், புதிதாக வந்தவர்கள் வந்தார்கள், நடுச்சாலையில் தண்ணீர் நின்றது. மதியம் ஆகிவிட்டது. கடைசியாக ஒரே ஒரு பக்கம் மிச்சம்.

"அக்கா," என்றார் மெக்கானிக். அவளைவிடப் பெரியவர், ஆனாலும் எல்லோரையும் போல அக்கா என்றே கூப்பிட்டார். "இதை மூடினா சார் போட்டு வச்ச எல்லாம் நின்னுடும். அந்த அஞ்சு மணி மெசேஜும்தான். வேணும்னா அதை மட்டும் வேற பேருக்கு மாத்தி விடறேன்."

அவள் போனை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். "வேண்டாம் அண்ணே. வேற பேர்ல வந்தா அது யார் சொல்ற மாதிரி?"

அவருடைய பக்கத்தைத் திறந்தாள். பெயர், பதவி, விடுப்பு. வியாழன் முதல் திங்கள் வரை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

விடுப்பு பதிவு செய்த நேரம்: சனிக்கிழமை மாலை 7.20. பதிவு செய்தவர்: துணை இயக்குநர்.

அவர் உயிர் போனது ஆறு பத்துக்கு.

"அண்ணே, அவர் அந்த மூணு நாளும் எப்ப வந்தார், எப்ப போனார்னு இதுல இருக்குமா?"

இருந்தது. வியாழன் காலை 9.05, வாசல் கதவு, உள்ளே. வெளியே என்ற கட்டம் காலி. வெள்ளி முழுக்க, சனி முழுக்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவர் மெஷினில் செய்த வேலை வரிசையாக. நடுவே துணை இயக்குநருக்கு அவர் போட்ட மனு: 'உதவிக்கு ஒரு ஆள் வேண்டும். பதினோராவது நினைவூட்டல்.'

தபாலக்கா அழவில்லை. கோபம்தான் வந்தது. மூன்று வருஷமாக அவர்மேல் இருந்த கோபம் அப்படியே எழுந்து வேறு ஆள் பக்கம் போய் நின்றது. "இதை ரெண்டு பிரதி எடுங்க அண்ணே" என்றாள்.

பிரின்டர் சத்தம் கேட்டு இயக்குநர் எட்டிப் பார்த்தார். காகிதத்தைப் படித்தார். முகம் சட்டென்று இளகிப்போனது, சொந்த அண்ணன் மாதிரி.

"பழசும்மா இது. ஏதோ அவசரத்துல யாரோ போட்டிருப்பாங்க. மெஷின்னா தப்பு வராதா? அந்த வரியை அழிச்சிட்டு மரணத்தை ஏத்திடுங்க. விடுப்புல இருந்தப்ப இறந்தார்னு. உங்க வேலையை நாளைக்கே நிரந்தரம் பண்ணிடறேன். இல்லேன்னா இந்த வேலைக்கு என்னால உத்தரவாதம் சொல்ல முடியாது."

"மூணுக்கு மூணு ஓட்டு சார்" என்றாள் தபாலக்கா. "ஒரு எழுத்துகூடக் கலையலன்னு இப்பத்தானே எழுதிக்கிட்டாங்க."

இயக்குநர் பின்னாலேயே வந்திருந்த குழுவில் ஒருவர் தன் குறிப்பைப் பார்த்துத் தலையசைத்தார். இயக்குநர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவள் 'விடுப்பு ரத்து' என்ற இடத்தை அழுத்தினாள். அடுத்தது, பணியிலிருந்து நீங்கும் காரணம். மாற்றல், ஓய்வு, பணிநீக்கம், இதர. அவ்வளவுதான் இருந்தன.

"சாகறதுக்கு ஒரு இடம் வைக்கலியே இந்த மனுஷன்" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. 'இதர'வைத் தேர்ந்தெடுத்து, கட்டத்துக்குள் ஒற்றை விரலால் அடித்தாள்: 'சனிக்கிழமை மாலை ஆறு பத்துக்கு, மெஷின் அறையில், பணியில் இருக்கும்போது இறந்தார்.'

மூன்று பெட்டிகளும் கொஞ்சம் இரைந்து அடங்கின. மூன்றும் ஏற்றுக்கொண்டன.

இயக்குநர் அவள்மேல் நடவடிக்கைக்கு உத்தரவு தயாரிக்கச் சொல்லிவிட்டுத் தன் அறைக்கு விரைந்தார். உத்தரவு என்றால் வரைவு, திருத்தம், கையெழுத்து, முத்திரை. எண் போட ஒரு மணி நேரமாவது ஆகும். தபாலக்காவுக்கு எண் போட யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு பிரதியை உறையில் போட்டு, தொழிலாளர் விசாரணை அலுவலகம் என்று முகவரி எழுதி, அனுப்பும் பதிவேட்டில் அடுத்த எண்ணைப் போட்டு, வாசலில் நின்ற தபால் வண்டியில் தன் கையாலேயே சேர்த்தாள்.

இறந்த அலுவலர் ஒருவரின் பெயரில் கணினிக்குள் நுழைந்தது ஏன் என்று விளக்கம் கேட்டு மூன்று மணிக்குக் கண்காணிப்பாளர் ஒரு குறிப்பாணை கொண்டுவந்தார். அவள் அதை வாங்கி, வரும் கடிதப் பதிவேட்டில் எழுதி, எண் போட்டுத் தட்டில் வைத்தாள்.

"இறந்த அலுவலர்னு போட்டிருக்கீங்க சார். ரொம்ப நன்றி" என்றாள்.

அவர் காகிதத்தைத் திரும்ப எடுக்கப் போனார். எண் விழுந்துவிட்டதால் எடுக்க முடியாது.

ஆபீஸ் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே தையல் கடைக்குப் போனாள். வழியில் ஐந்து மணி தாண்டியது. போன் கைப்பைக்குள் சும்மா கிடந்தது. நாத்தனார் தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் தையல் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"என்ன அண்ணி, வேலை போயிடுச்சா?"

"போனாலும் போகும். அது கிடக்கட்டும். உங்க அண்ணன் எங்கயும் போகல. அந்த மூணு நாளும் ஆபீஸ்லதான் இருந்தாரு. அவர் போனதுக்கு அப்புறம் அவங்களா லீவு எழுதியிருக்காங்க." இன்னொரு பிரதியை நீட்டினாள். "பாரு. எல்லாம் இதுல இருக்கு."

நாத்தனார் துணியைத் தள்ளிவிட்டு, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, அளவு பார்க்கிற விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்துப் படித்தாள். வியாழன். வெள்ளி. சனி. திரும்ப மேலே போய் இன்னொரு தரம் படித்தாள். சந்தேகப்பட்டதற்கு ஏதாவது சொல்வாள் என்று தபாலக்கா காத்திருந்தாள். இத்தனை நாள் சுமந்தது இறங்கி, உடம்பு லேசாகியிருந்தது.

"வாசலை விட்டு வெளியவே போகலியே அண்ணி" என்றாள் நாத்தனார். "மூணு நாள். அங்க கேன்டீன்கூடக் கிடையாதே. அண்ணன் என்ன சாப்பிட்டான்?"

மூன்று வருஷமாக, எங்கே போனார், யாரைப் பார்க்கப் போனார், ஏன் பொய் சொன்னார் என்று விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்த தபாலக்காவுக்கு, இந்த ஒரு கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்டிப் போட்ட துணிகளின் மேலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.